வீட்டின் வெளிச்சுவருக்கு வர்ணம் பூச ஏற்ற காலம்

தைப்பொங்கல் நெருங்கும்போது வீட்டைக் கழுவித் துடைத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது தமிழர் வழக்கம். தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் இவ்வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. அதற்குக் காலநிலை சார்ந்த தெளிவான காரணம் உண்டு. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்து ஓய்கிறது. மழையில் நனைந்து பாசி படர்ந்த சுவரைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு பூசினால், அடுத்து வரும் வறண்ட மாதங்கள் அதனை இறுக உலர்த்திவிடும். மழை முடிந்து வறட்சி தொடங்கும் வேளையில் பூச வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

இலண்டனுக்கும் அந்த உட்பொருள் பொருந்தும், மாதம்தான் பொருந்தாது. இங்கு தை மாதம் கடுங்குளிர்காலத்தின் நடுப்பகுதி. அப்போது வெளிச்சுவரில் பூசப்படும் வர்ணம் சரியாக இறுகாமல், ஓரிரு ஆண்டுகளிலேயே உரியக்கூடும். சாரம் கட்டி, ஆள் அமர்த்திச் செய்யும் பணிக்கு ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான பவுண்களைச் செலவிட நேரலாம். காலமறிந்து செய்த பணி பல ஆண்டுகள் சுவரைக் காக்கும். காலம் தவறிச் செய்த பணி பணத்தை வீணாக்குவதோடு, ஈரத்தைச் சுவருக்குள் அடைத்து வீட்டையும் பழுதாக்கும்.

இலண்டனின் மழையும் வெயிலும்

மழையின் மொத்த அளவை மட்டும் நோக்கினால் இலண்டன் அதிக மழை பெறும் நகரம் அன்று. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. இலண்டனில் ஏறத்தாழ 600 மில்லிமீற்றரே பெய்கிறது. ஆயினும் சென்னையின் மழை பெரும்பாலும் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இலண்டனின் மழையோ ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பரவிப் பெய்கிறது. ஆண்டில் 110 நாட்களளவில் 1 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ மழை பதிவாகிறது. எனவே மழையே இல்லாத மாதம் ஒன்றை இங்கு தேடுவதில் பயனில்லை. நனைந்த சுவர் விரைவில் உலரும் மாதத்தையே தேட வேண்டும்.

சுவரை உலர்த்துவது வெயிலும் காற்றும் வெப்பமுமே. யூன் மாத இறுதியில் இலண்டனில் பகற்பொழுது 16 மணி நேரத்துக்கும் அதிகமாக நீடிக்கிறது. நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 62 பாகை உயரத்தில் நிற்கிறது. டிசம்பர் இறுதியில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகற் சூரியனின் உயரமும் 15 பாகை மட்டுமே. யூலையில் பகல்நேர உச்ச வெப்பம் சராசரியாக 23 அல்லது 24 பாகை செல்சியஸ் ஆகவும், சனவரியில் 8 பாகை அளவாகவும் உள்ளது. குளிர்கால மழையில் நனைந்த சுவர் ஒன்று உலர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

சூரியனின் திசையும் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சூரியன் ஆண்டுக்கு இருமுறை உச்சந்தலைக்கு நேரே வருகிறது. இலண்டனில் அவ்வாறு ஒருபோதும் நிகழ்வதில்லை. நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கேயே நிற்கும். வடக்கு நோக்கிய சுவருக்குச் செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் இறுதிவரை நேரடி வெயில் கிடைப்பதில்லை. கோடையிலும் அதிகாலையிலும் மாலையிலுமே அது வெயிலைக் காண்கிறது. பச்சைப்பாசி முதலில் அச்சுவரில் படர்வதும், அது கடைசியாக உலர்வதும் இதனாலேயே.

வர்ணம் இறுகும் முறை

இன்று கடைகளில் விற்கப்படும் வெளிச்சுவர் வர்ணங்களில் பெரும்பாலானவை நீரை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் மிக நுண்ணிய பிசின் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து, தொடர்ச்சியான மெல்லிய படலமாகின்றன. இவ்விணைவுக்குப் போதிய வெப்பம் தேவை. குளிரில் நீர் மெல்ல வெளியேறினாலும் துகள்கள் சரியாக இணைவதில்லை. சுவர் பார்வைக்கு உலர்ந்ததாகத் தோன்றும். ஆனால் படலம் வலுவற்றதாய், கைபட்டால் மாவாக உதிர்வதாய் இருக்கும்.

இதனாலேயே பல வர்ண வாளிகளில் காற்றின் வெப்பமும் சுவரின் வெப்பமும் 8 அல்லது 10 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்று அச்சிடப்பட்டிருக்கும். குளிரிலும் பூசக்கூடிய சிறப்பு வகைகள் விற்பனைக்கு உண்டு; அவற்றுக்கும் உலர்ந்த சுவர் தேவை. வாளியில் உள்ள அறிவுறுத்தலை வாங்குமுன் படிப்பது நலம்.

பகல் வெப்பத்தை மட்டும் கணக்கிற் கொள்வது போதாது. பிற்பகல் 3 மணிக்கு 12 பாகை வெப்பம் இருந்தாலும், நள்ளிரவில் அது 4 பாகைக்கு இறங்கக்கூடும். அப்போது வர்ணம் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். மாலையில் குளிரும் சுவர்மீது பனித்துளி படிந்தால், இறுகாத படலத்திலுள்ள கரையும் பொருட்கள் வெளியேறிச் சுவரில் கோடுகளாகவும் பிசுபிசுப்பான கறைகளாகவும் வழியும். படலத்துக்குப் பின்னால் தங்கிய நீர் உறைந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். அவ்விசை வர்ணத்தையும், சில வேளைகளில் செங்கல்லின் முகப்பையும் பெயர்த்துவிடும்.

மிகையான வெப்பமும் தீங்கானதே. நேர்வெயிலில் சூடேறிய சுவரில் வர்ணம் மிக விரைவில் உலர்ந்து, தூரிகைத் தடங்கள் தெரிவதும் கொப்புளங்கள் எழுவதும் உண்டு. 2022 யூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 பாகை செல்சியஸ் பதிவானது. அத்தகைய நாட்களில் தூரிகையைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

மாதங்களின் வரிசை

மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஆயத்தத்துக்கு உரியவை. பகல் இதமாக இருந்தாலும் இரவில் உறைபனி விழக்கூடும். குளிர்கால ஈரமும் சுவரை விட்டு முழுமையாக நீங்கியிராது. சுவரைக் கழுவுதல், பாசி நீக்குதல், பழுதுகளைக் குறித்துக்கொள்ளுதல் ஆகியவற்றை இம்மாதங்களில் செய்யலாம்.

மே மாத நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை வர்ணம் பூச நம்பத்தக்க காலம். அதிலும் மே இறுதியும் யூன் மாதமும் நீண்ட பகலும் மிதமான வெப்பமும் கொண்டவை. யூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்ப அலைகளையும் திடீர் இடிமழையையும் எதிர்பார்க்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் கோடை முழுவதும் காய்ந்த சுவரும் மரமும் நல்ல உலர்நிலையில் இருக்கும். ஆயினும் பகல் குறுகி, காலைப் பனி கூடுவதால் வேலை நேரம் சுருங்கும்.

ஒக்டோபரில் சில நல்ல நாட்கள் வாய்க்கலாம். ஒரு கதவுக்கோ சிறு பழுதுக்கோ அவை போதும். முழு வீட்டுப் பணியை அப்போது தொடங்குவது இடர். நவம்பர் முதல் பெப்ரவரி இறுதிவரை வெளிச்சுவர் வர்ணத்தைத் தவிர்க்க வேண்டும்.

நாளும் நேரமும்

ஏற்ற மாதத்துக்குள்ளும் ஏற்ற நாளைத் தெரிய வேண்டும். பணிக்கு முன் இரண்டு மூன்று நாட்கள் மழையின்றியும், பூசிய பின் ஒரு நாளேனும் மழையின்றியும் இருக்குமெனில் நல்லது. மேகம் மூடிய, மழையற்ற, மெல்லிய காற்றுள்ள நாள் கடும் வெயில் நாளைவிடச் சிறந்தது.

காலைப் பனி உலர்ந்த பின்னர் தொடங்கி, மாலைப் பனி படிவதற்குச் சில மணி நேரம் முன்னரே நிறுத்த வேண்டும். வெயில் மிகுந்த நாளில் நிழலைப் பின்தொடர்ந்து பூசுவது பழகிய வேலையாட்களின் முறை: மேற்குச் சுவரைக் காலையிலும், கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் பூசுவர். தெற்குச் சுவருக்கு மேகமூட்டமான நாளை ஒதுக்குவர். வடக்குச் சுவருக்கு நீண்ட உலர்நேரம் தேவைப்படுவதால், அதனைக் கோடையின் நடுவிலேயே முடித்துவிடுவது நன்று. இலண்டனில் காற்று மிகுதியும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், மழைச்சாரல் கூடுதலாகத் தாக்கும் அத்திசைச் சுவரின் பூச்சை ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும்.

மரத்தாலான யன்னல்களையும் கதவுகளையும் காலையிலேயே பூசிவிட வேண்டும். ஈரம் காயுமுன் மூடினால் அவை சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூடாது விட்டால் இரவில் வீட்டுக்குப் பாதுகாப்பில்லை. நீண்ட பகல் உள்ள மாதங்களே இப்பணிக்கு ஏற்றவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவரின் வயதும் ஈரமும்

ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் 1919க்கு முன் கட்டப்பட்ட வரிசை வீடுகள் ஏராளம். அவற்றின் சுவர்கள் பெரும்பாலும் இடைவெளியற்ற திண்மச் செங்கற் சுவர்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. அவை மழையில் ஈரத்தை உறிஞ்சி, வறண்ட நாட்களில் அதனை வெளியே விட்டுத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. நீராவி ஊடுருவாத தடித்த வர்ணத்தை அவற்றின்மீது பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். நாளடைவில் உட்சுவரில் பூஞ்சணமும், மரச்சட்டங்களில் உக்கலும் தோன்றும். இத்தகைய சுவருக்கு நீராவியை வெளியேறவிடும் சுண்ணாம்புப் பூச்சோ சிலிக்கேற்று வர்ணமோ உகந்தது. இதுவரை வர்ணமே காணாத நல்ல செங்கற் சுவரை அப்படியே விடுவது பெரும்பாலும் சிறந்த முடிவு. ஒருமுறை பூசினால் அதனை நீக்குவது கடினம், பின்னர் தொடர்ந்து பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹாரோ, வெம்பிளி போன்ற புறநகர்களில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எழுந்த இணைவீடுகள் மிகுதி. அவற்றிற் பலவற்றின் மேற்சுவரில் சிறுகற்கள் பதித்த சீமெந்துப் பூச்சு உண்டு. அக்கரடுமுரடான பரப்பு உலர அதிக நேரம் எடுக்கும்; வர்ணத்தையும் கூடுதலாகக் கொள்ளும். பூச்சின்மீது மெல்லத் தட்டும்போது வெற்றொலி எழுந்தால், அவ்விடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். அதனைப் பெயர்த்துப் புதுப்பூச்சு இட்ட பின்னரே வர்ணம் பூச வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சு உலரக் குறைந்தது 4 வாரங்கள் தேவை. மே மாதத்தில் செய்த பழுதுபார்ப்புக்கு யூனில் வர்ணம் பூசலாம். செப்டம்பரில் செய்தால் வர்ணத்துக்குரிய காலம் கடந்துவிடும்.

ஈரமான சுவருக்கு வர்ணம் மருந்தன்று. உடைந்த பீலி, ஒழுகும் மழைநீர்க் குழாய், வெடித்த சாந்து ஆகியவற்றை முதலில் திருத்த வேண்டும். தோட்ட மண்ணும் நடைபாதையும் சுவரிலுள்ள ஈரத்தடுப்புப் படைக்குக் குறைந்தது 150 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். இலண்டனின் பெரும்பகுதி களிமண் நிலத்தின்மீது அமைந்தது. அம்மண் நீண்ட வறட்சியில் சுருங்கி, மழையில் மீண்டும் விரிகிறது. அதனால் சில சுவர்களில் கோடையில் வெடிப்புகள் தோன்றும். மயிரிழை வெடிப்பை நிரப்பிப் பூசலாம். 3 மில்லிமீற்றருக்கு மேல் அகன்ற, மேலே அகன்று கீழே குறுகும் சாய்வான வெடிப்பு அத்திவாரம் தாழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். அதனை வர்ணத்தால் மறைக்காமல், காப்புறுதி நிறுவனத்துக்கும் தகுதிபெற்ற கட்டட மதிப்பாய்வாளருக்கும் அறிவிக்க வேண்டும்.

கூடுகட்டும் பறவைகள்

வர்ணம் பூசும் காலமும் பறவைகள் கூடுகட்டும் காலமும் பெரிதும் ஒன்றாகவே அமைகின்றன. 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, காட்டுப்பறவையொன்றின் பயன்பாட்டிலுள்ள கூட்டையோ, கட்டப்பட்டுவரும் கூட்டையோ வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றமாகும். கூடுகட்டும் பருவம் பொதுவாக மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீடிக்கும். சிட்டுக்குருவிகள் இறவாரத்தின் இடுக்குகளில் வாழ்கின்றன. உழவாரன் பறவைகள் ஆபிரிக்காவிலிருந்து மே மாதத் தொடக்கத்தில் வந்து, ஆகஸ்டில் திரும்பிவிடுகின்றன.

எனவே சாரம் கட்டுமுன் இறவாரத்தைச் சில நாட்கள் கவனிக்க வேண்டும். கூட்டின் வாயிலைச் சாரமும் வலையும் மறைத்தால் பறவை குஞ்சுகளை அடைய இயலாது. கூடு இருப்பின், குஞ்சுகள் பறந்து சென்றபின், ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அப்பகுதியைப் பூசுவது சட்டத்துக்கும் கருணைக்கும் ஏற்றது.

பழைய வர்ணமும் உடல்நலமும்

பழைய வீடுகளில், குறிப்பாக 1960களுக்கு முன் பூசப்பட்ட வர்ணப் படைகளில், ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலர்நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி, சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் பெருந்தீங்கு விளைவிக்கும். ஈயத்தைக் கண்டறியும் சோதனைப் பொதிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஈயம் இருந்தால், உரியாத படையைத் தொந்தரவு செய்யாமல் அதன்மீதே பூசுவது பல வேளைகளில் பாதுகாப்பானது. உரிந்த பகுதிகளை ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். தீச்சுடரால் எரித்து நீக்கலாகாது. யன்னல்களை மூடி, குழந்தைகளை அப்புறப்படுத்தி, விழுந்த துகள்களை அன்றன்றே சேகரிக்க வேண்டும்.

2000க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் இறவாரப் பலகைகளிலும் பீலிகளிலும் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய பலகையைத் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது. ஐயம் எழுந்தால் பணியை நிறுத்தி, தகுதியுள்ளவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

பொறுப்பும் அனுமதியும்

தனி வீட்டின் உரிமையாளர் வெளிச்சுவருக்கு வர்ணம் பூச இங்கிலாந்தில் வழமையாகத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. ஆயினும் மரபுச்சிறப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தோற்றத்தை மாற்றத் தனி ஒப்புதல் வேண்டும். மரபுப் பாதுகாப்புப் பகுதிகள் சிலவற்றில் வர்ணம் பூசும் உரிமையையும் கவுன்சில் மட்டுப்படுத்தியிருக்கலாம். ஆகவே பணிக்குப் பல வாரங்கள் முன்னரே கவுன்சிலின் திட்டமிடல் பிரிவில் விசாரிப்பது நன்று.

வாடகைக்குக் குடியிருப்போர் வெளிச்சுவரைத் தாமே பூச வேண்டியதில்லை. 7 ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகை உடன்படிக்கைகளில் கட்டடத்தின் வெளிப்புறத்தையும் கட்டமைப்பையும் பழுதின்றி வைத்திருப்பது 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வீட்டு உரிமையாளரின் கடமை. ஒழுகும் பீலியையும் உக்கிய யன்னலையும் படமெடுத்து, எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். குளிர்காலத்திலேயே அறிவித்தால், கோடையில் பணி நடைபெற வழி பிறக்கும். அடுக்குமாடி வீட்டை நீண்டகாலக் குத்தகையில் கொண்டிருப்போருக்கு வெளிப்புறப் பணிக்கான செலவு ஒவ்வொருவருக்கும் 250 பவுணைக் கடக்குமெனில், அதே சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முன்கூட்டியே கலந்தாலோசனை நடத்தப்பட வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகக்கூடும்.

சாரம் பொது நடைபாதையில் நிற்குமெனில் கவுன்சிலிடம் உரிமம் பெற வேண்டும். வழமையாகச் சாரம் கட்டும் நிறுவனமே அதற்கு விண்ணப்பிக்கும். அயலவரின் நிலத்தில் ஏணி வைக்க நேரின் முன்கூட்டிக் கேட்டு இணக்கம் பெறுவது முறை. ஏணியில் ஏறுவோர், 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அதன் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டாம் மாடி உயரத்துக்கு மேல் சாரமே தக்கது.

தூரிகை கழுவிய நீரையும் எஞ்சிய வர்ணத்தையும் வீதி வடிகாலில் ஊற்றலாகாது. வெளி இலண்டனின் பல பகுதிகளில் மழைநீர் வடிகால்கள் சுத்திகரிக்கப்படாமல் நேராக ஓடைகளிலும் ஆறுகளிலும் கலக்கின்றன. எஞ்சிய வர்ணத்தை அகற்றும் முறையைக் கவுன்சிலின் கழிவகற்றல் பிரிவில் கேட்டறியலாம்.

ஒப்பந்தக்காரரைத் தெரிதல்

கோடை நெருங்கும்போது நல்ல வேலையாட்களுக்கு ஓய்விருக்காது. மே மாதத்தில் தேடத் தொடங்குவோர் செப்டம்பர் வரை காத்திருக்க நேரலாம்; அவசரத்தில் எவரையேனும் அமர்த்தவும் நேரலாம். குறைந்தது மூவரிடம் எழுத்துமூல மதிப்பீடு பெற்று, சுவரைக் கழுவுதல், பழுதுபார்த்தல், அடிப்பூச்சு, மேற்பூச்சுகளின் எண்ணிக்கை, சாரச் செலவு ஆகியன தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். பொதுப்பொறுப்புக் காப்புறுதிச் சான்றையும் கேட்கலாம். மழை பெய்தால் பணி ஒத்திவைக்கப்படும் என்பதையும் உடன்பாட்டில் சேர்ப்பது நலம். நாட்கூலிக்கு அஞ்சி ஈரச்சுவரில் பூசும் நிலை அதனால் தவிர்க்கப்படும்.

குளிர்காலத்தில் கதவைத் தட்டி, மலிவான விலைக்கு உடனே பூசித் தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. வீட்டு வாசலில் செய்யப்படும் உடன்படிக்கையைப் பொதுவாக 14 நாட்களுக்குள் இரத்துச் செய்யலாம். எனினும் அக்காலத்துக்குள் பணியைத் தொடங்குமாறு வீட்டார் கேட்டிருந்தால், முடிந்த வேலைக்குப் பணம் செலுத்த நேரலாம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்கக் கூடாது.

தை மாதத்துக்குரிய பணி

தை மாதத்தில் வர்ணம் பூச இயலாதெனினும், அம்மாதத்துக்கு உரிய பணி வேறொன்று உண்டு. மழையும் குளிரும் சுவரின் குறைகளைத் தெளிவாகக் காட்டும் காலம் அதுவே. எந்தப் பீலி ஒழுகுகிறது, எந்தச் சுவர் உலர மறுக்கிறது, எந்த யன்னற் சட்டம் மென்மையாகிவிட்டது என்பதைப் பொங்கலையொட்டி வீட்டைச் சுற்றி நடந்து குறித்துக்கொள்ளலாம். பெப்ரவரியில் மதிப்பீடுகளையும் தேவையான அனுமதிகளையும் பெற்று, ஏப்ரலில் சுவரைக் கழுவிப் பழுதுகளைத் திருத்தினால், மே இறுதியில் உலர்ந்த சுவர் வர்ணத்துக்குக் காத்திருக்கும். ஊரில் தை மாதத்தில் முடியும் வேலை இங்கு தை மாதத்தில் தொடங்குகிறது.